காற்றுக்குப் பிடித்த பலகை

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் வீட்டு வெளிப்பக்க இரும்புப் படி ஒன்று கழன்றுவிட்டது. அன்று பின்னேரம்தான் மனைவி கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வாறா. ஒட்ட வந்த மீசைக்கார வெல்டர், "கொஞ்சம் பொறு ராசா" என்று இரும்போடும் கதைப்பவர்.

"அண்ணை, காத்துக்குப் பலகையைப் பிடிச்சுக்கொண்டு கண்ணை அங்கால திருப்புங்கோ. இந்த வெல்டிங் குச்சி நுனியிலயிருந்து கரண்ட் பாய்ஞ்சு இரும்பை உருக்கும். குச்சிப் பூச்சு எரியிற புகைதான் அதுக்குப் போர்வை. புகையைக் காத்து அடிச்சுக்கொண்டு போனா ஒட்டுக்கு உள்ளுக்க ஓட்டை விழும். பாக்க வடிவு, மிதிக்க முறிவு."

முடித்ததும் படியில் ஏறிக் குதித்தும் காட்டினார்.

மனைவி பிள்ளையோடு ஏறும்போது பார்த்தால், மனிதர் படிக்குக் கீழே இரு கையையும் ஏந்தியபடி நிற்கிறார்.

"என்ன, உங்கட வேலையில உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?"

"வேலையில இருக்கு அண்ணை. இது பிள்ளையெல்லே!"

கதவு சாத்திய பிறகுதான் கையை இறக்கினார். அதைத் துணிவென்பதா, பயமென்பதா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.