நாளைக்கு என்று வைத்த குரல்

டாரன்ஸ் ஊரில் நீச்சல் குளம் கழுவுகிற கோர்டியை எல்லாரும் பொறுப்பான பிள்ளை என்பார்கள். அவன் தம்பி லைல் மட்டும் அப்படிச் சொல்லமாட்டான். எந்த வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார், எந்தக் குளத்தில் தண்ணீரை வடித்தாகிவிட்டது என்று துப்புச் சொல்வதற்கென்றே கடவுள் தன் அண்ணனைப் படைத்தார் என்பது அவன் கட்சி. மழை ஏமாற்றிய அந்த வருஷங்களில் பாதிக் குளங்கள் வறண்டுதான் கிடந்தன. கோர்டி சொன்ன வீட்டில் லைல் சக்கரம் வைத்த ஸ்கேட் பலகையோடு வேலி தாண்டுவான். குளத்தின் வளைந்த சுவரில் ஏறி இறங்கி ஆடுவான். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவதற்குள் இருவரும் வேனில் இருப்பார்கள்.

அதே வேகத்தில் ஒரு பாட்டு பேண்டும் வைத்திருந்தார்கள். கோர்டி டிரம்ஸ், லைல் பாட்டு, ஹெக்டரும் அவன் சித்தப்பா மகனும் கிட்டார். பேண்டின் பெயர் பெரியவர்கள் காதில் விழத் தக்கதல்ல, நானும் எழுதப்போவதில்லை. பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிற அவர்கள் அம்மா மார்லீன் அதை 'உங்க கும்பல்' என்பாள். பாட்டு ஒவ்வொன்றும், என்னவென்று கேட்பவன் சுதாரிப்பதற்குள் முடிந்துபோகும். ஆனால் லைலின் தொண்டை இருக்கிறதே, அது அப்படியொரு தொண்டை. அவன் கத்தினால் கூட்டத்தின் கடைசியில் நிற்பவனும் தன்னைத்தான் திட்டுகிறான் என்று நினைத்துச் சந்தோஷப்படுவான்.

ஒருவழியாக ஒரு சின்னக் கம்பெனி முதல் ஆல்பம் போட ஒப்புக்கொண்டது. ஸ்டூடியோவில் முதல் நாள் டிரம்ஸ் மட்டும்தான் பதிவாகும். டிரம்ஸ்காரன் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று தடுமாறாமலிருக்கப் பாடகன் கூடவே லேசாகப் பாடிக் காட்டுவான். அதற்கு டேப்பில் ஒரு தடம் உண்டு. மறுநாள் உண்மையான பாட்டை அதே தடத்தின் மேல் பதிவார்கள், பழையது அழிந்துபோகும். எல்லா பேண்டும் செய்வதுதான்.

"சும்மா முனகுடா, தொண்டைய நாளைக்கு வையி" என்றான் கோர்டி.

லைல் முனகினான். பாட்டின் வரிகளை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பாடினான். அண்ணனைச் சிரிக்கவைத்துத் தாளம் தப்பவைப்பதுதான் அவன் நோக்கம். அம்மா வாராவாரம் ஓவனில் வைத்தெடுக்கும் ட்யூனா மீன் நூடுல்ஸைப் பற்றி, அம்மாவின் குறட்டையைப் பற்றி, பச்சை பச்சையாக, ஒவ்வொரு பாட்டுக்கும் புதுசு புதுசாக. கோர்டி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்பது பாட்டையும் வாசித்து முடித்தான். தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. அன்று சாயங்காலம் அவனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

மறுநாள் காலை நெடுஞ்சாலையில் ஒரு லாரி நிற்காமல் வந்து, லைல் தனியாக ஓட்டிவந்த வேனில் மோதியது. லைல் ஸ்டூடியோவுக்கு வந்து சேரவில்லை. அவர்கள் முன்பு வீட்டில் பதிவு செய்த ஒரே கேசட்டும் வேனோடு எரிந்தது. கச்சேரிகளில் சிநேகிதர்கள் பிடித்து வைத்திருந்ததிலெல்லாம் வெறும் இரைச்சல்தான்.

இரண்டு மாதம் கழித்து ஹெக்டர் தயங்கித் தயங்கி வந்து, பாட்டையெல்லாம் தானே பாடட்டுமா, ஆல்பத்தை லைல் பேரில் முடித்துவிடலாமா என்று கேட்டான். கோர்டி சரியென்றான். ஸ்டூடியோவில் பதிவு செய்கிற வான்ஸ் டேப்பை ஓடவிட்டார். லைல் வந்தான். முனகலும் சிரிப்பும் கெட்ட வார்த்தையுமாக வந்தான். ஹெக்டர் எழுந்து வெளியே போய்விட்டான்.

"ஹெக்டர் குரல் இது மேலதான் ஏறணும். டேப்புல வேற எடமில்ல" என்றார் வான்ஸ். "அதுக்கு முன்னாடி ஒரு கேசட்ல எடுத்துத் தரட்டுமாப்பா?"

கோர்டி யோசித்தான். பாவி, அங்கேதான் யோசித்தான். தம்பியின் குரல் என்றால் அது கர்ஜனை. இந்த முனகலை ஊர் கேட்டு, இதுதான் லைல் என்று நினைத்துவிட்டால்? அதைவிட, பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவள் காதில் இந்த அசிங்கமா விழவேண்டும்?

"வேணாம். இது அவனில்ல" என்றான்.

அந்த முனகலை அழித்துக்கொண்டு ஹெக்டர் குரல் ஏறியது, ஆல்பம் வந்தது. ஸ்கேட் பையன்களெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்த டிரம்ஸைக் கேள், என்ன கோபம் என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். கோபமாவது மண்ணாவது, சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தது.

கோர்டி ஒரு சிடியை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். மார்லீன் சமையலறையில் நின்றபடியே முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டாள்.

"இதுல அவன் எங்கடா?"

ஹெக்டர் பாடியிருக்கிறான் என்று கோர்டி சொன்னான். அவள் விடவில்லை. லைல் முதல் நாள் பாடிவிட்டு வந்ததாகத் தன்னிடம் சொன்னானே, அது எங்கே என்றாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"உன்னைய அசிங்கமாப் பாடியிருந்தாம்மா. நீ கேட்டா மனசு ஒடஞ்சிருவன்னுதான்..."

மார்லீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெனம் என் மூஞ்சிக்கு நேராச் சொன்னதுதானடா. அதப் போட்டுட்டு ஒக்காந்து நான் சாப்புட்டிருப்பனேடா" என்றாள். நாற்காலியை மேஜைப் பக்கம் நகர்த்திக்கொண்டு, "சரி, என்ன பாடுனான்? நீயே சொல்லு" என்றாள்.

கோர்டி கண்ணை மூடிக்கொண்டான். விரல்கள் மேஜையில் தாமாகத் தட்டின. முதல் பாட்டு வந்தது, அதன் திருப்பம் வந்தது, முடிவு வந்தது. இரண்டாவது பாட்டும் வந்தது. எல்லாம் தாளமாகவே வந்தது. சிரித்துவிடக் கூடாது என்பதற்காக அன்று அவன் தம்பியின் வார்த்தைகளைக் காதில் வாங்காமலே வாசித்திருந்தான். ஸ்டூடியோவில் மறுபடி கேட்டபோதோ, எப்போது நிறுத்துவார்கள் என்றுதான் இருந்தது. ட்யூனா, குறட்டை, அவ்வளவுதான் தெரியும். முழுசாக ஒரு வரி தெரியாது.

"சொல்லுடா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

அவன் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.