நல்லதண்ணிக் கிணற்றடியில் எலியாஸ்

எலியாஸ் தீர்க்கதரிசியின் கதையை நான் நன்றாகத்தான் படிப்பித்தேன். வினையே அதில்தான் வந்தது. அரைகுறையாகப் படிப்பித்திருந்தால் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எங்கள் குடங்களும் வெறுமையாகக் கிடந்திரா.

அறுபதுகளின் கடைசியில் எழுவைதீவுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஊர்காவற்துறையிலிருந்து வள்ளத்தில் போய், கடற்கரைப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வீட்டு அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு மகளும் ஒரு கைக்குழந்தையும். புருசன் கடற்றொழில். பூசைக்குச் சுவாமியார் எப்போதாவதுதான் வருவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொன்னாலும் எனக்கு அது பிடிக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கதை சொல்வதென்றால் நின்ற இடத்தில் நிற்கமாட்டேன், ஆடியும் காட்டுவேன்.

அந்த வருடம் மாரி பொய்த்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் உவராகி, வாயில் வைக்க முடியாத தண்ணீர். நல்லதண்ணீர் இருந்தது ஒரேயொரு வளவில்தான். அது சைவக்காரர் ஒருவருடைய தோட்டக் கிணறு. தோட்டம் செய்கிற, ஐம்பது வயது மதிக்கத்தக்க கமக்காரர். அவர் சிரித்து நான் கண்டதில்லை. வேற்று ஆட்கள் அவருடைய துலாக் கயிற்றைத் தொடக்கூடாது. ஆனால் விடிய எழும்பி வேலிப் படலையைத் திறந்து, தானே அள்ளி, வீட்டுக்கு ஒரு குடமாக எங்கள் பெண்களுக்கு ஊற்றிவிடுவார். அதற்கு ஒரு சதமும் வாங்கியதில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் பூவரச மரத்தின் கீழே ஒரு சூலம் நட்டிருந்தது. அதுதான் அவருடைய வைரவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எலியாஸ். இஸ்ராயேல் சனங்கள் ஆண்டவரை மறந்து, பாகால் என்ற பொய்த்தேவனைக் கும்பிடத் தொடங்கினார்கள்; மழை நின்றுபோனது. எலியாஸ் பாகாலின் பூசாரிகளை மலைக்குக் கூப்பிட்டார். நீங்களும் ஒரு பலிபீடம் கட்டுங்கள், நானும் கட்டுகிறேன், எந்தத் தெய்வம் நெருப்பை இறக்குகிறதோ அதுவே மெய்யான தெய்வம் என்றார். பூசாரிகள் காலையிலிருந்து மத்தியானம் மட்டும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒரு பொறிகூட இல்லை. எலியாஸ் அவர்களைப் பகிடி பண்ணத் தொடங்கினார். இந்த இடத்தில் நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கையை வாயில் குவித்து, "பலமாக் கூப்பிடுங்கோ! உங்கடை சாமி நித்திரையாக்கும்!" என்று கத்தினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொருக்கால் செய்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.

பிறகு, எலியாஸ் தன் பலிபீடத்தின்மேல் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்ன இடம் வந்தது. சிரிப்பு சட்டென்று நின்றது.

"பன்னிரண்டு குடமோ?" என்றாள் எங்கள் வீட்டு அக்காவின் மகள். அவள் சரியான வாயாடி. "மழையில்லாத நேரத்திலையோ ரீச்சர்? அந்தாளுக்கு என்ன விசரோ?"

"நனைஞ்ச விறகிலையும் ஆண்டவர் நெருப்பு வைப்பார் எண்டு காட்டத்தான்."

"அதுக்கு நல்லதண்ணியையோ ஊத்திறது? கடல்தண்ணி ஊத்தினால் விறகு நனையாதோ?"

வாயை மூடிக்கொண்டு கேள் என்று அதட்டிவிட்டுக் கதையை நடத்தினேன். வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது. சனங்கள் முகங்குப்புற விழுந்து ஆண்டவரைக் கும்பிட்டார்கள். அதற்கடுத்த துண்டுக்கு வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் தாண்டினேன். கடைசியில் மழையும் கொட்டியது. "நீங்களும் ஆண்டவருக்கு உண்மையா இருங்கோ. வேறை ஒண்டையும் கும்பிடாதேயுங்கோ" என்று முடித்தேன். நல்ல வகுப்பென்று எனக்கே மனம் நிறைந்த புளுகம்.

அடுத்த நாள் பின்னேரம் கமக்காரர் வைரவருக்கு விளக்கேற்றி, மணியைக் கிலுக்கி, மழை வேண்டிப் பதிகம் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். வேலியோர ஒழுங்கையில் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் பட்டாளம் அதைக் கண்டுவிட்டது. வாயாடி வேலிக் கதியாலில் ஏறி நின்று, கையைக் குவித்து, "பலமாக் கூப்பிடுங்கோ ஐயா! உங்கடை சாமி நித்திரையாக்கும்!" என்று கத்தியிருக்கிறாள். மற்றதுகள் சும்மா இருக்குமா? "இல்லை, வள்ளத்திலை ஊர்காவற்துறைக்குப் போட்டாராக்கும்!" என்று கூவியிருக்கிறார்கள். அந்த வள்ளம் நான் சொல்லிக்கொடுத்ததல்ல. அது அவர்களுடைய சொந்தச் சரக்கு.

அவர் திரும்பியும் பார்க்கவில்லையாம். பதிகத்தைப் பாடி முடித்து, திருநீறு பூசி, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு உள்ளே போனாராம்.

விடியப் பெண்கள் குடங்களோடு போனபோது படலை கயிற்றால் கட்டிக் கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக வழியில்லாமல் ஆண்கள் கடலுக்குப் போகாமல் கரையில் குந்தியிருந்தார்கள். அக்கா வேறு வழியில்லாமல் உவர்த்தண்ணீரைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குக் கொடுத்தார். அதற்கு வயிற்றால் போகத் தொடங்கிவிட்டது. அழக்கூடச் சத்தில்லாமல் தொட்டிலில் கிடந்தது.

அக்கா தன் மகளுக்கு நாலு சாத்துச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"ரீச்சர், இவளுக்கு அடிச்சு என்ன பிரயோசனம்? நீங்கள் ஆடிக் காட்டினதைத்தானே இவள் ஆடினவள். நீங்கள்தான் போய்க் கதைக்கவேணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் வேதத்திலை உள்ளதைத்தானே சொன்னனான்?"

"வேதம் இருக்கட்டும். இந்தப் பச்சைப் பிள்ளைக்கு நான் என்னத்தைப் பருக்கிறது?"

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். எனக்குப் பின்னால் பெண்களும் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்து ஒழுங்கையில் நின்றார்கள். படலையில் நின்று, "ஐயா!" என்று கூப்பிட்டேன். நான் என்பதாலோ என்னவோ வந்தார். ஆனால் படலையைத் திறக்கவில்லை. அதற்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"பிள்ளையள் செய்தது பிழை ஐயா. மன்னிக்கவேணும். உவர்த்தண்ணி குடிச்சு ஒரு பச்சைப் பிள்ளைக்கு வயித்தாலை போகுது" என்றேன்.

"போன கிழமை மழைக்கெண்டு உங்கடை மாதா சுரூபத்தை இந்த ஒழுங்கையாலைதானே தூக்கிக்கொண்டு போனனீங்கள்? நான் தோளிலை கிடந்த சால்வையை எடுத்துக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு நிண்டனான். சிரிச்சனானோ?"

"இல்லை ஐயா."

"பிள்ளையளுக்கு உதை ஆர் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான். அது வேதத்திலை இருக்கிற கதை."

"அப்ப எனக்கும் அதைச் சொல்லும், கேப்பம்."

சொன்னேன். ஆடாமல், குரலை உயர்த்தாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். பாகால், பூசாரிகள், பகிடி, எதையும் விடவில்லை. பன்னிரண்டு குடம் தண்ணீரைக் கேட்டதும் அவரும் முகத்தைச் சுளித்தார். நெருப்பு இறங்கியது, மழை பெய்தது என்று நிறுத்தினேன்.

"நீர் அதை நம்பிறீரோ?"

"ஓம் ஐயா. நம்பிறன்."

பின்னால் அக்கா, "ஐயோ, கெடுத்தாள்!" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"அந்தப் பூசாரிமாருக்குப் பேந்து என்ன நடந்தது?"

நான் எதிர்பாராத கேள்வி. அதுவும் வேதத்தில் எழுதித்தான் கிடக்கிறது. எலியாஸ் அவர்களைப் பிடிக்கச் சொல்லி, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், ஒருவர் மிச்சமில்லாமல் கொன்றுபோட்டார். அதை இவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னால் எந்தப் படலை திறக்கும்? ஓடித் தப்பிவிட்டார்கள் என்று சொல்லலாம். மனந்திரும்பினார்கள் என்றால் இன்னும் நல்லது. அவர் எங்கள் வேதத்தைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. தொட்டிலில் கிடந்த குழந்தை கண்ணுக்குள் நின்றது. பொய் நாக்கு நுனிவரை வந்தது என்றே சொல்லவேண்டும். ஆனால் ஆண்டவருக்கு உண்மையாக இருங்கள் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு, ஆண்டவருடைய புத்தகத்தைப் பற்றியே பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"வெட்டிப்போட்டினம் ஐயா" என்றேன். "எல்லாரையும்."

அவர் திரும்பிப் பூவரச மரத்தடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளையளுக்கு அதையும் சொன்னனீரோ?"

"இல்லை."

"ஏன்? உம்மடை புத்தகத்திலை கிடக்குதெண்டால் சொல்லத்தானே வேணும்?"

யோசித்துப் பதில் சொல்ல எனக்கு அவகாசம் இருக்கவில்லை. உள்ளதுதான் வாயில் வந்தது.

"அண்டைக்கு வகுப்பிலை சொல்லத்தான் வெளிக்கிட்டனான் ஐயா. உங்கடை முகம் முன்னுக்கு வந்திட்டுது. ஏலாமப் போச்சு."

அவர் படலைக் கயிற்றில் கை வைத்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நோண்டிப் பார்த்து, பிறகு பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். ஒழுங்கையில் நின்ற பெண்கள் ஒருவரும் அசையவில்லை. அவர் படலையை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, என் தலைக்கு மேலால் அவர்களைப் பார்த்தார்.

"வயித்தாலை போற பிள்ளைக்குத் தாய் ஆர்? அவ முதல் வரட்டும்" என்றார்.

அக்கா குடத்தோடு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.