பன்னிரண்டு மணிக் கட்டம்

எனக்கு உட்கார வராது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து நின்றுவிடுவேன். ஒரு வேலை கையில் இருக்கும்போதே கால் அடுத்த வேலைக்குப் போய்விடும். அதனால் வந்ததுதான் இது.

ஏழாவது வரை படித்தேன். புத்தூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் இரண்டு விசைத்தறி. வீட்டுக்காரர் ஓட்டுவார். காலையில் நான் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயம்மா வேலை. மதியம் வீட்டுக்குப் போய்த் தறிக்குத் தார் சுற்ற வேண்டும், நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சி. தார் இல்லாவிட்டால் தறி நிற்கும். ஆஸ்பத்திரி வேலை இரண்டு மணிக்கு முடியும். இரண்டுக்கு மேல் ஒரு பாசஞ்சர் உண்டு. அதை விட்டால் சாயங்காலம்தான். ஒன்றரைக்கே என் கால் ஸ்டேஷனில் இருக்கும். உடம்பு மட்டும் வார்டில் நிற்கும்.

ஊசி, மாத்திரை எல்லாம் நர்ஸ்கள் பார்ப்பார்கள். துடைப்பது, துணி மாற்றுவது, மலச்சட்டி வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எங்களுக்கு. சேர்ந்தபோது ஹெட் சிஸ்டர் மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார். சித்தூர்க்காரர். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"அடிக்க வர்ற மாதிரி போய்த் தொடாதே. முதல்ல பேரச் சொல்லிக் கூப்பிடு. இன்னா பண்ணப் போறேன்னு சொல்லு. அப்புறம் தொடு. அவங்களுக்கு நினைவு இல்லேன்னாலும் சொல்லு. அர்த்தமயிந்தா?"

"புரிஞ்சிது சிஸ்டர்."

இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். இழுக்கக்கூடாது, தோல் உரியும். அடியில் துணி போட்டு இரண்டு பேராகத் தூக்க வேண்டும். முட்டிகளுக்கு நடுவில் தலையணை. குதிகால் மெத்தையில் படக்கூடாது. எங்காவது சிவந்திருந்தால் தேய்க்கக்கூடாது, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. அழுத்தியும் வெளுக்காவிட்டால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. இதெல்லாம் எனக்கு ஒரு தடவையிலேயே பிடிபட்டது. எழுதுவதுதான் வராது.

கட்டில் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும். அதில் கட்டங்கள். எங்கள் ஷிப்டுக்கு எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு. புரட்டியதும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுப் பக்கத்தில் நம் பேரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். என்னுடையதை இங்கிலீஷில் போடக் கற்றுக்கொண்டேன். அது ஒன்றுதான் எனக்கு வரும் இங்கிலீஷ்.

முதலில் இரண்டு மணிக் கட்டத்தை ஒன்றேகாலுக்கே போட்டேன். புரட்டிவிட்டுத்தான் போட்டேன். முக்கால் மணி நேரம் முன்னே, அவ்வளவுதான். பிறகு பன்னிரண்டையும் இரண்டையும் சேர்த்துப் போட்டேன். பிறகு ஒரு நாள் காலை எட்டு மணிக்கே நாலு கட்டத்தையும் நிரப்பினேன். மனதில் செய்வதாகத்தான் இருந்தது. பாதி நாள் செய்தேன். பாதி நாள் மறந்தேன். பத்தொன்பது கட்டில், ஒரு ஆயம்மா. தூக்குவதற்கு இன்னொரு கை கிடைக்காது. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

மதிய ஷிப்டுக்கு வருபவர் என்னைவிட மூத்தவர். அக்கா என்பேன். ஊர் ராமகுப்பம். புருஷன் இல்லை. அங்கே பட்டுப்பூச்சி வளர்த்துக்கொண்டிருந்துவிட்டு மகளோடு திருப்பதிக்கு வந்தவர். அவர் அட்டையில் அங்கங்கே கட்டம் காலியாகக் கிடக்கும்.

"அக்கா, ஏன் இப்டி வுட்டு வெக்கற? யாராவது பார்த்தா திட்டுவாங்க."

"பண்ணலியே, எப்டி போடறது?"

"எல்லாரும் போடறாங்க."

"ஏம்மே, பட்டுப்பூச்சிக்கு எலை போடாம போட்டேன்னு சொல்லிப் பாரு. அது செத்துக் காட்டிக் குடுக்கும்." சிரித்துக்கொண்டே மலச்சட்டியை எடுத்துக்கொண்டு போனார். "நீ போ, உன் ரயிலு உன்ன வுட்டுட்டுப் பூடப் போவுது."

ஏழாம் கட்டிலில் பாகாலாக்காரர் ஒருவர் வந்தார். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தமிழ் ஆள். பக்கவாதம். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு இல்லை. இடது கை மட்டும் வேலை செய்யும். கனமான உடம்பு. அவருடைய வீட்டம்மா தினமும் மதியம் பஸ் பிடித்து வருவார், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். காலை முழுக்க அவருக்கு நான்தான்.

நான் அவரை நைனா என்று கூப்பிட்டேன். முதல் இரண்டு நாள் அவர் எதற்கோ உறுமுவார், எனக்குப் புரியாது. தண்ணியா, வலியா, வெளிக்கா என்று கேட்டுக்கேட்டு இருவருக்கும் சலித்தது. மூன்றாம் நாள் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"நைனா, ஆமான்னா ஒரு தபா அமுக்கு. இல்லன்னா ரெண்டு தபா. செரியா?"

ஒரு அமுக்கு. ரயில்வேக்காரர் கை. என் விரல் எலும்பு கடகடத்தது.

"கை ஒடைஞ்சிப் பூடும் போலக்கீதே! மெல்ல நைனா."

வாயின் இடது ஓரம் மேலே போனது. அதுதான் அவர் சிரிப்பு. அதற்குப் பிறகு வார்டு முழுக்க அவரிடம் அப்படித்தான் கேட்டார்கள். ஹெட் சிஸ்டர் மற்ற ஆயம்மாக்களிடமும் என்னைக் காட்டிச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே வாரத்தில்தான் அவரை நான் சரியாகப் புரட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தேன். ஏழாம் கட்டில் பக்கம் ஹெட் சிஸ்டர் நின்றிருந்தார். ஷிப்டு இல்லாத நேரத்தில் அக்காவும் நின்றிருந்தார். கூப்பிட்டு வரவழைத்திருந்தார்கள். நைனாவை இடப்பக்கம் ஒருக்களித்து வைத்திருந்தார்கள். முதுகுக்குக் கீழே, இடுப்பு எலும்பு முடியும் இடத்தில் கைக்குட்டை அளவுக்குச் சிவப்பு. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் பிரிந்திருந்தது. முந்தின நாள் மதியம் அக்காதான் பார்த்து சிஸ்டரைக் கூப்பிட்டாராம்.

நான் குனிந்து ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். வெளுக்கவில்லை.

சிஸ்டர் அட்டையைக் கையில் வைத்திருந்தார். என் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஒன்றுகூட விடவில்லை. அக்கா கட்டங்களில் அந்த வாரத்தில் மட்டும் ஐந்து காலி.

"சூடு, இதப் பாரு," என்று அட்டையை அக்கா முகத்துக்கு நேரே காட்டினார். "காலையில இந்தம்மா பண்ணுது. நீ பண்ணலே. இது உன் கையால வந்த புண்ணு. மேல ஆபீஸ்ல கேட்டா நான் இன்னா செப்பேன்?"

"ஆளு இல்ல சிஸ்டரு. தனியா தூக்க முடியல. அதான் போடல."

"போடலேன்னு நீயே சொல்றே. இந்த வாரத்தோட சரி. வேற இடம் பார்த்துக்கோ."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. "காயத்துக்கு மருந்து வெச்சிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். வைத்தாயிற்று என்றார் சிஸ்டர். மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு அக்கா போனார்.

சிஸ்டர் நீட்டிய அட்டையை வாங்கி நான் கால்மாட்டில் மாட்டினேன்.

அன்று காலை என் கால் நிற்கவே இல்லை. எட்டுக்கு ஒரு வார்டு பாயைக் கூட்டிவந்து நைனாவைப் புரட்டினேன். ஒன்பதுக்குத் திரும்பப் புரட்டப் போனேன்.

"இப்பத்தானே பொரட்டினோம் ஆயம்மா? அவுரு இன்னா தோசையா?" என்றான் அவன்.

அந்தப் பக்கம் போய்த் தலையணையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தேன். பக்கத்துக் கட்டில்களை இரண்டு தடவை துடைத்தேன். கழுவிய சட்டியைக் கழுவினேன். கடிகாரத்தைப் பார்த்தால் பத்துகூட ஆகவில்லை. அட்டையில் நான் போடும் கட்டங்கள் காலியாக இருந்தன. பேனாவை எடுத்தேன், வைத்தேன். உண்மையாகப் புரட்டிய எட்டு மணிக் கட்டத்தைக்கூட நிரப்பக் கை வரவில்லை.

சொல்லிவிட்டால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அக்கா வேலை போகும். அவ்வளவுதான் கணக்கு. அதைத் தலைக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தேன். விடை மாறவில்லை.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஹெட் சிஸ்டர் திரும்பவும் வந்தார். ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நல்ல மனுஷி, ஒரு வார்த்தை நோயாளியையும் கேட்டுவிட நினைத்தார். நைனாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். நான் கால்மாட்டில் நின்றேன்.

"தாத்தா, காலையில இந்த ஆயம்மா உங்களத் தினம் சரியாத் திருப்பி வெச்சாளா? பன்னெண்டு மணிக்கு, ரெண்டு மணிக்கு?"

நைனா சிஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அவசரமாக வெளிக்கு வரும்போது, நான் வேறு கட்டிலில் இருக்கும்போது, அப்படித்தான் பார்ப்பார். கோபம் இருக்காது. இவள் வர வேண்டுமே என்று மட்டும் இருக்கும். நாளைக் காலை ஏழு மணிக்கும் நான்தான் வருவேன். அவரைத் துடைக்க, தண்ணி கொடுக்க, புரட்ட.

ஒரு அமுக்கு.

"பார்த்தியா, ஆமாங்கறாரு," என்றார் சிஸ்டர்.

ஆமாம் சொல்ல அவருக்குக் கற்றுக் கொடுத்தவள் நான்.

"பொய் சிஸ்டர்," என்றேன்.

"ஏன்ட்டி? இன்னா சொல்றே?"

"நைனா பொய் சொல்றாரு. நான் நிக்கறதால சொல்றாரு. நான் அந்தாண்ட போறேன். திரும்பக் கேளுங்க."

அவர் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. திரையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன். சுவரோரம் நின்றேன். நிற்க முடியவில்லை. ஜன்னல் வரை நடந்தேன், திரும்ப வந்தேன். திரைக்குள் சிஸ்டர் மெல்லக் கேட்பது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. நைனா உறுமுவது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் அங்கே என்ன செய்கிறார்கள் என்று இருந்தது. கடிகாரத்தில் மூன்று நிமிஷம்தான் போயிருந்தது.

சிஸ்டர் வெளியே வந்தார். இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

"ரெண்டு தடவை. ஒவ்வொரு நாளாச் சொல்லிக் கேட்டேன். பாதிக்கு மேல ரெண்டு." அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது எப்போ போடறே நீ? நிஜம் செப்பு."

"காலைல எட்டு மணிக்கே. நாலும்."

"ஏன்?"

ரயில் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "கால் நிக்காது சிஸ்டர்," என்றேன்.

சிஸ்டர் அட்டையில் விரலை வைத்தார். "அந்தம்மா அட்டையில காலி இருந்தா, எந்த நேரம் அவர் திரும்பலேன்னு எனக்குத் தெரியும். உன் அட்டைய நம்பினேன். நம்பித்தான் காலையில யாரும் அவர் முதுகைப் பார்க்கலே. அது தெரியுதா உனக்கு?"

தெரிந்தது. அதுவரை தெரியவில்லை.

அக்கா வேலை போகவில்லை, என் வேலையும் போகவில்லை. என்னைத் துணி வெளுக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். நோயாளி பக்கம் வரக்கூடாது. அன்று மதியம் அக்கா வந்ததும் நானே போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே முந்தானையை இடுப்பில் செருகினார்.

"நேத்தே எனக்குத் தெரியும்மே. ஒரு கட்டங்கூட காலியா இல்லாத அட்டைய நான் எங்கயும் பார்த்ததில்ல."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ சொல்றியா பாக்கலாம்னு இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு நானே சொல்லியிருப்பேன். சும்மா வுட்டிருப்பேன்னு நெனைக்காத." பிறகு, "போ, ரயிலு பூடும்," என்றார். எப்போதும் போலச் சிரிக்கவில்லை.

சலவை அறையில் ஆறு வாரம். அங்கே அட்டை இல்லை. நீராவியும் சத்தமும்தான். ஏழாம் கட்டில் துணி வரும்போது விரித்துப் பார்ப்பேன். முதலில் மஞ்சள் கறை. பிறகு சின்னதாக. பிறகு ஒரு நாள் வெறும் மருந்துக் கறை.

திரும்ப வார்டுக்கு எடுத்தபோது நைனா இன்னும் அங்கேதான் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியிருந்தது. நான் கட்டில் பக்கம் போய் நின்றேன். பேரைச் சொல்லவில்லை, நைனா என்றேன்.

"பொரட்டப் போறேன். வார்டு பாயும் வந்திருக்கான். செரியா?"

கையை நீட்டினேன். அவர் உடனே பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிடித்தார். இரண்டு அமுக்கு.

இல்லை.

வார்டு பாய் சிரித்தான். "வேணாங்கறாரு ஆயம்மா."

"செரி. அக்கா வர்றதுக்கு இன்னும் நேரங்கீது. அரை மணி கழிச்சி வந்து கேக்கறேன் நைனா."

வந்தேன். கேட்டேன். இரண்டு. இன்னும் பத்து நிமிஷம் கழித்து வந்தேன். அப்போது ஒரு அமுக்கு. புரட்டினோம். தழும்பு இருந்த இடத்தை அழுத்தினேன். வெளுத்தது, சிவந்தது. முட்டிக்கு நடுவில் தலையணை வைத்தேன். பிறகு பேனாவை எடுத்தேன். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் டிக் போடவில்லை, நேரத்தை எழுதினேன். பன்னிரண்டு நாற்பது. அதற்குப் பக்கத்தில் என் எழுத்து.

அடுத்தது இரண்டு நாற்பதுக்கு. அக்காவுக்குத் தூக்க இன்னொரு கை வேண்டும். ரயில் போய்விடும். வீட்டுக்குப் போன் பண்ணித் தறியை நிறுத்தச் சொன்னேன்.