தலைகீழ்க் கிளி

கண்ணாடி கிளாஸில் பூவும் கிளியும் வரைந்து பிழைக்கும் சக ஜீவன்களே, நம் தொழிலின் வினோதம் உங்களுக்குத் தெரியாததா? வாங்குகிறவர்கள் அதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்வார்கள், தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார்கள். என் கிளாஸில் யாராவது மடக் மடக்கென்று குடிப்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

ஷோகேஸ்

ராஜபாளையத்தில் எங்கள் தெருக்கோடி டீச்சர் ஒரு செட் வாங்கினார். கொஞ்ச நாள் பொறுத்து, சும்மா வந்ததுபோல அவர் வீட்டுக்குப் போய்த் தாகம் என்றேன். எவர்சில்வர் செம்பில் தண்ணீர் வந்தது. என் கிளாஸ்கள் ஷோகேஸுக்குள் இருந்தன. ஒன்றில் பேனா, ஒன்றில் தெர்மாமீட்டர். "அதுல குடிக்க மாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டேவிட்டேன்.

"நீ நம்ம வீட்டுப் புள்ளைல்லா? அது விருந்தாளி வந்தா பார்க்கதுக்கு!"

யார் பெயர்?

ஸ்ரீவில்லிபுத்தூர் மளிகைக்கடை பாய், தங்கை மகள் கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்தார். 'அன்பளிப்பு' என்று போட்டு அவர் பெயர், கடைப் பெயர், கடை இருக்கும் தெரு எல்லாம் வர வேண்டுமாம். கொடியை அழித்தேன், பூவை அழித்தேன். அத்தனையையும் படித்து முடிப்பதற்குள் தாகமே அடங்கிவிடும். பொண்ணு மாப்பிள்ளை பெயருக்காவது ஒரு விரற்கடை இடம் விடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அவிய பேருதான் பத்திரிகையில இருக்கேம்மா! கிளாஸ்ல எம் பேரைப் போடு."

கிளி

தேரடிப் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஆறு கிளாஸ் வாங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு என்றால் குடித்துத்தானே ஆக வேண்டும்! மறுவாரமே அக்கா திரும்பி வந்தார். "ஏட்டி, கழுவுனா கவுத்தித்தான வைப்போம்? உன் கிளி நாள் பூரா வௌவால் கணக்கா தொங்குது. வாரவுக சிரிக்காக. தலைகீழா வரைஞ்சு தா." எனக்கு மனசே கேட்கவில்லை. ஆனாலும் குடிக்கப் போகிற கிளாஸ் ஆயிற்றே! வரைந்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா எல்லாவற்றையும் கழுவி வரிசையாகக் கவிழ்த்தார். கிளிகள் நிமிர்ந்து நின்றன. வெயிலில் வந்தவள் என்று ஒன்றில் தண்ணீர் மொண்டு என்னிடமே நீட்டினார். நம் ஊர் வழக்கப்படி வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். எதிரே நின்ற அக்கா சந்தோஷத்தில் கைதட்டினார்.

"ஏட்டி, குடிக்கும்போதும் கிளி நேராத்தான் நிக்குது!"

ஆக, என் கிளாஸில் ஒருவர் குடிப்பதைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் கடைசியில் அக்காவுக்குத்தான் கிடைத்தது, ஏனென்றால் குடித்தது நான்.