என் மேல் நானே கட்டிய பிராது

1968-ஆம் வருஷம், வைகாசி மாதம். என் வயிற்றிலிருந்த பிள்ளை அசைவதை நிறுத்தியது. அதை மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நம் முருகன் கொளஞ்சியப்பரை நம்பி வாழும் உங்கள் முன்னால் முதலில் இந்த உண்மையை வைத்துவிடுகிறேன். அவர் எனக்குச் செய்த உதவியை அதற்குப் பிறகு சொன்னால்தான் சரியாக இருக்கும்.

என் பெயர் தனலட்சுமி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் கப்புகளுக்குக் காது ஒட்டும் வேலை. என் கணவர் கலியபெருமாளுக்கு அதே பட்டறையில் சூளை வேலை. அப்போது எனக்கு ஒன்பதாம் மாதம். நாத்தனாருக்குச் சேத்தியாத்தோப்பில் கல்யாணம். பஸ்ஸில் போகும்போதுதான் கவனித்தேன், காலையிலிருந்தே வயிறு சும்மா இருந்தது. கல்யாண வீட்டில் இதைச் சொல்லி எல்லாரையும் கலங்கடிக்கவா என்று நினைத்தேன். பிள்ளை தூங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தவர்களோடு சிரித்துப் பேசினேன்.

ஊர் திரும்பி, மூன்றாம் நாள்தான் மாமியாரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. தலை நிறைய முடி. கண்ணைத் திறக்கவே இல்லை.

"எப்பலேருந்தும்மா அசையல?" என்று நர்ஸம்மா கேட்டார்கள்.

"இன்னிக்குக் காலையிலேருந்து" என்றேன்.

அந்தப் பொய்யை எல்லாரும் நம்பினார்கள். மாமியார் என் தலையைத் தடவி, "உம்மேல என்னாம்மா தப்பு இருக்குது" என்று அழுதார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். ஒரு மதியம், ஈரக் கப்பைக் கையில் எடுத்துக் காதை ஒட்டப் போனேன். வலது விலாவுக்குக் கீழே ஓர் உதை. அவன் உதைக்கிற அதே இடம். வயிற்றிலோ ஒன்றுமில்லை. கப்பு நசுங்கிவிட்டது.

அன்று தொடங்கியது நிற்கவில்லை. குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது வரும். சாமி கும்பிடக் கண்ணை மூடினால் வரும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று இதையும் மறைத்தேன். அந்த மூன்று நாளும் நான் அவனைக் கவனிக்கவில்லை, அதனால்தான் இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

1970 ஆடியில் மறுபடி உண்டானேன். ஐந்தாம் மாதம் முதல் அசைவு தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அசைவது இந்தப் பிள்ளையா, அவனா?

எங்கள் தெருவில் ஆஜிராம்மா என்று ஒருவர் இருந்தார். மங்கலம்பேட்டைக்காரர், பிரசவம் பார்ப்பவர். மாதாமாதம் ஆஸ்பத்திரியில் காட்டினாலும், தினமும் என்னை வந்து பார்ப்பது அவர்தான். காலையில் நடக்கச் சொல்வார். குந்தி உட்கார்ந்து வீடு துடைக்கச் சொல்வார். "சாப்புட்டுட்டு எடது பக்கமா படும்மா. புள்ள எத்தன வாட்டி அசையுதுன்னு எண்ணு. கொறஞ்சா ஒடனே சொல்லு" என்பார். உடனே சொல்லு என்ற வார்த்தை என்னைக் குத்தும்.

ஏழாம் மாதம் தனியாக மணவாளநல்லூருக்குப் போனேன். கொளஞ்சியப்பர் சந்நிதியில் நம் குறையைக் காகிதத்தில் பிராதாக எழுதி வைத்து, காவல் தெய்வம் முனியப்பர் முன்னால் கட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுதிக் கொடுப்பவர் பேனாவைத் திறந்து, "யார் மேலம்மா பிராது?" என்று கேட்டார்.

"தனலட்சுமி மேல."

"உம் பேரு?"

"அதாங்க. தனலட்சுமி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நான் சொன்னதை எழுதினார். 'என் பிள்ளை அசையாததை மறைத்தேன். அதற்குத் தண்டனை எனக்கு இருக்கட்டும், இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். இந்தத் தடவை என் வாயைத் திறந்துவிடு சாமி.' அவ்வளவுதான் கேட்டேன்.

1971, பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை. மாதம் நிறைந்திருந்தது. வீட்டில் இருந்தால் பயம் அதிகமாகிறது என்று கடைசிவரை வேலைக்குப் போனேன். அன்று காலையிலிருந்து அசைவு இல்லை. பத்து மணி இருக்கும், வலது விலாவுக்குக் கீழே ஓர் உதை விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது. இந்தப் பிள்ளை ஒருநாளும் அந்தப் பக்கம் உதைத்ததில்லை.

அது அவன்தான் என்று எனக்குத் தோன்றியது.

கொளஞ்சியப்பா என்றேன். உள்ளுக்குள்தான் சொன்னேன். ஆனால் எழுந்து நின்றுவிட்டேன். அத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்டது. "எம்புள்ள அசையலீங்க! யாராவது வாங்களேன்!"

கணவர் சூளையிலிருந்து ஓடி வந்தார். யாரோ ஆஜிராம்மாவை அழைத்து வந்தார்கள். அவர் என் வயிற்றில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"துடிப்பு இருக்குது. ஆனா அசதியா கெடக்குது. இத நான் வூட்டுல வச்சிப் பாக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவலாம், நானும் வரேன்."

குதிரை வண்டியில் போகும்போதே வலி எடுத்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிரசவம் தொடங்கிவிட்டது, துடிப்பு குறைந்தால் கடலூருக்கு ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஆஜிராம்மா கெஞ்சிக் கேட்டார். "அம்மா, மல்லாக்கப் படுத்தா இவளுக்கு முடியாதும்மா. நீங்க துடிப்பப் பாத்துக்கிட்டே இருங்க, நா நடக்க வுட்டுப் பாக்குறேன்."

டாக்டரம்மா சம்மதித்தார்கள். வராண்டாவில் நடந்தேன். வலி வந்தால் ஆஜிராம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சை நீளமாக விட்டேன். நர்ஸம்மா வந்து வந்து துடிப்புப் பார்த்தார்கள். கடைசியில் குந்தி உட்கார்ந்து ஆஜிராம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் அல்லா என்றார், நான் முருகா என்றேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, மனசால் நான் அவன் பிறந்த அந்தப் பழைய அறைக்கே போய்விட்டேன். பிறகு அழுதது.

"நாளைக்கு வரலாம்னு இருந்திருந்தா..." என்றார்கள் டாக்டரம்மா.

மூன்றாம் நாள் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், மூன்று நாள், பொய், எல்லாம். அவர்கள் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"அந்தக் கல்யாணத்துல ஓம் மொகத்தப் பாத்தப்ப எனக்குச் சந்தேகந்தான்" என்றார்கள் பிறகு. "நானும் கேக்கல தனம். கல்யாணம் முடியட்டும்னு வுட்டுட்டேன்."

இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பிள்ளைக்குக் கொளஞ்சி என்று பெயர் வைத்தோம். நாற்பது நாள் கழித்து, மாமியாரும் நானும் கோயிலுக்குப் போய், கேட்டது நடந்துவிட்டது என்று வழக்கப்படி பிராதைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

உதை நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். முழுசாக நிற்கவில்லை. வந்தால் கையை அந்த இடத்தில் வைத்து, இருக்கிறேன் அய்யா என்று அவனிடம் சொல்கிறேன். கொளஞ்சி இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பட்டறையில் எந்தப் பெண் உண்டானாலும் ஆஜிராம்மா சொல்லிக்கொடுத்ததை அவளுக்குச் சொல்கிறேன். யாராவது "இன்னிக்கு அசைவு கம்மியா இருக்குதுக்கா" என்றால் போட்டது போட்டபடி அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

கொளஞ்சியப்பரிடம் நான் ஒரு குரலைத்தான் கேட்டேன். அவர் அந்தக் குரலோடு ஒரு பிள்ளையையும் கொடுத்தார். உங்களுக்குள்ளும் சொல்ல முடியாத ஒன்று இருந்தால் தயங்காமல் அவர் காலடியில் கொண்டுபோய் வையுங்கள். வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அன்றைக்கே வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.