டோக்கியோ நேரத்தில் ஏறிய தாலி

எங்கள் அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஆறு வயதில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்து, இம்மண்ணிலேயே கண் மூடினார். ஓராண்டு நிறைகிறது. அவர் வாழ்வைப் பற்றி உறவினர் வாய்க்கு வாய் பேசியது பிழையான முகூர்த்தம் ஒன்றைத்தான். நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது தம்பியாகிய என் கடமை.

எங்கள் ஐயா துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. "வந்த இடத்தில ஊரோடு ஒத்து ஓட வேணும்" என்பார். வெள்ளைக்காரன் காலத்தில் கோட்டு, ஆங்கிலம். ஜப்பான்காரன் வந்ததும் ஐம்பது வயதில் ஜப்பானிய எழுத்துப் படித்தார்; சிப்பாயைக் கண்டால் இடுப்பு வளையக் குனிந்தார். டோக்கியோ நேரம் வைக்கச் சொன்ன அன்றே, வீட்டு மணிக்கூட்டை ஒன்றரை மணி முன்னே தள்ளிவிட்டார்.

சிப்பாய்களுக்குப் பயந்து குமர்ப்பிள்ளைகளை அவசரமாகக் கட்டிக்கொடுத்த காலம் அது. ஐயா தம்மோடு வேலை பார்த்த ஒருவரைப் பேசி முடித்தார். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த ஐயர் பஞ்சாங்கம் பார்த்து, திங்கள் காலை ஒன்பதே கால் என்று எழுதி அனுப்பினார். அது பழைய நேரம். அன்று படகை நிறுத்திவிட்டதால் ஐயர் வரவில்லை. ஐயாவே தேங்காய் உடைத்து, வீட்டு மணிக்கூட்டைப் பார்த்துத் தாலி கட்டச் சொன்னார்.

கட்டிய பிறகுதான் பெரியம்மா வாசலில் வெயிலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இப்ப ராகு காலமெல்லோ!" என்று அலறினார். பழைய நேரப்படி ஏழே முக்கால். ஐயா அசையவில்லை. "அரசாங்கத்தின்ர நேரம்தான் இனி எங்கட நேரம்" என்றார். வெயிலைப் பார்க்க வாசலுக்குப் போகவில்லை.

மூன்றாம் மாதம் அத்தானைச் சயாம் ரயில் பாதைக்கு எழுத்து வேலைக்கென்று கொண்டுபோனார்கள். கடிதமும் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை. அக்கா மலாய் படித்து ஆசிரியையாகி என்னை ஆளாக்கினார். பொட்டை அழிக்கவில்லை. ஆனாலும் நம்மவர் கல்யாண வீடுகளில் அவருக்கு இடம் அடுப்படியில்தான்.

கடைசி வாரம் மருத்துவமனையில் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, மணி பிழையெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை, அக்கா?"

"அத்தனை பேருக்கு முன்னால ஐயாவுக்குத் தலைகுனிவு. அவர் சிப்பாய்க்குக் குனிஞ்சது போதாதே? பேசாமல் இருந்திட்டன். அத்தானை நான்தான் துலைச்சனான்."

"அவரைக் கொண்டுபோனது ஜப்பான்காரன், ராகு இல்லை" என்றேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவரை நம்பவைக்க என்னால் முடியவில்லை. அந்தத் துக்கம் என்னோடுதான் போகும்.

மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்த உறவினருக்கும், பாடை சுமந்த நண்பர்களுக்கும் நன்றி. தம் மகள் திருமணத்தில் அக்காவை முதல் மேசையில் இருத்திய பக்கத்து வீட்டுச் சீன அம்மையாருக்குத் தனி நன்றி. நம்மவர் கல்யாணத்தில் அக்காவை ஆலாத்தி எடுக்க அழைத்தவருக்கும் நன்றி எழுத நினைத்தேன். எவ்வளவு யோசித்தும் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை. என் மகள் கல்யாணத்தில் நானும் அழைக்கவில்லை.