நாற்பத்தோராவது திருத்தம்

ஃப்ரீசருக்குள் மான்கறிப் பொட்டலங்களை ஒதுக்கிவிட்டு டெல்மர் கோஸ்கி ஒரு மஞ்சள் பஞ்சை வெளியே எடுக்கிறார். பாத்திரம் தேய்க்கிற பஞ்சுதான். நேற்று தண்ணீரில் ஊறவைத்து உள்ளே வைத்தது, இப்போது செங்கல் மாதிரி விறைத்திருக்கிறது. அதைக் கீழ்த்தளத்து மேசைக்குக் கொண்டுபோய்த் தட்டில் வைக்கிறார். மேலே ஐஸ்கிரீம் குச்சிகளை நெருக்கமாகப் பரப்புகிறார், அதன்மேல் குறுக்குவாட்டில் இன்னொரு அடுக்கு. பிறகு பிளாஸ்டிக் கட்டைகளால் ஆன தன் கிரேனை இரண்டு கைகளாலும் தூக்கி, அது ஊர்ந்துபோகும் இடது சங்கிலிப் பட்டை சரியாகக் குச்சிகளின்மேல் வரும்படி இறக்குகிறார். பஞ்சு இளக நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடமும் அவர் வேறு எதுவும் செய்வதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார்.

"பட்டாணி எடுக்கப் போனா பஞ்சு வருது. இந்த வீட்ல நான் சமைக்கணுமா, தரை தொடைக்கணுமா?" என்பாள் அவர் மனைவி மர்லிஸ். அவர் இன்னொரு பஞ்சு வாங்கிக்கொண்டு வந்து அவள் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் வைப்பார். அதுதான் பதில்.

ஐம்பத்தொன்பது வயது. குளிர்காலத்தில் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடபகுதியில் இருக்கும் இந்த இரும்புத்தாது ஊர்களில் அது வருடத்துக்கு ஆறு மாத வேலை. தடித்த விரல்கள். ஆனால் பல்சக்கரங்களை அவர் பார்த்து எடுப்பதில்லை. முட்டை அட்டைக் குழிகளில் அவை பல் எண்ணிக்கைப்படி கிடக்கும், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரு முறை உருட்டி, "இருபது" என்றோ "இருபத்திநாலு" என்றோ முணுமுணுத்துக்கொண்டே எடுப்பார். தவறியதில்லை.

கிரேன் பெட்டியாக வாங்கியது. நான்கு மோட்டார், இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டு. கட்டி முடித்து ரிமோட்டை அழுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு மகிழ்ச்சி வரும். டெல்மர் அன்றைக்கே அதன் பின்பக்கத்தைப் பிரித்தார். சுமை தூக்கும் கயிறு வேகமாக ஓடியது, உண்மையான கிரேன் அப்படி ஓடாது என்று பல்சக்கரங்களை மாற்றினார். அது முதல் திருத்தம். கிரேனின் கை நீள்கிறபோது நடுவில் வளைந்தது, இரட்டைச் சட்டம் போட்டார். அது ஏழாவது. ஒவ்வொன்றையும் எண் போட்டுப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதுவார். எழுதி முடித்து, ஓட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார். "இன்னும் பொம்மையாத்தான் இருக்கு."

அவரைப் போன்றவர்கள் ஒன்பது பேர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிறார்கள். மரம் வெட்டும் வண்டி, சேறு வாரும் எந்திரம், பனி லாரி என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து அடுத்தவன் வண்டியின் குறையைக் கண்டுபிடிப்பது வழக்கம். சங்கத்தின் சட்டம் ஒன்றே ஒன்று: வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, பெட்டியில் வராத பொருள் எதுவும் வண்டிக்குள் இருக்கக் கூடாது. சட்டத்தைக் காப்பவர் ஹார்லன் பீட், ஓய்வுபெற்ற தபால்காரர். டெல்மரின் கிரேனைத் தூக்கியவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலிருக்கும் எதிர்எடைப் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினார். கலகலத்தது.

"என்னப்பா டெல், உன் கிரேனுக்குக் கிட்னில கல்லா?"

உள்ளே தாது உருண்டைகள். ரயில் பாதையோரம் எல்லா ஊரிலும் சிந்திக் கிடப்பவை, கொண்டைக்கடலை அளவு, பிடித்தால் கை சிவப்பாகிவிடும். நானூற்றுப் பத்து கிராம் போட்டால்தான் கிரேனின் முன்பாரமும் பின்பாரமும் உண்மையான விகிதத்துக்கு வருகிறது என்று டெல்மர் கணக்குப் போட்டிருந்தார். ஹார்லன் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு சமரசம் ஆனது. கண்காட்சிக்குப் போகும்போது டெல்மர் உருண்டைகளைக் கொட்டிவிட்டு, சட்டப்படியான எடைக்கட்டை இரண்டைப் போட்டுக்கொள்வார். அவை உருண்டைகளில் பாதி எடைகூட இல்லை. திரும்பி வந்ததும் உருண்டைகளை மறுபடி நிரப்பிக்கொள்வார்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று ஹார்லன் கேட்டதில்லை. ஊரில் யாருமே கேட்டதில்லை, தெரியும் என்று நினைத்திருந்தார்கள். டெல்மர் இருபத்தாறு வருடம் தாது ஆலையில் கிரேன் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஏப்ரலில், அரவை எந்திரத்தின் வளையம் ஒன்றைத் தூக்கும்போது அவர் கிரேன் முன்னால் சாய்ந்து விழுந்தது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கீழே சுமை கட்டி வழிகாட்டிக்கொண்டிருந்த டோனி வுகெலிச் கிரேனின் கைக்கு அடியில் சிக்கி இறந்துபோனான். பனி இளகும் மாதம், இடது பக்கம் தரை இறங்கிவிட்டது. பட்டைக்கு அடியில் மூன்று அடுக்குப் பலகை போட்டிருக்க வேண்டும், இரண்டு அடுக்குதான் இருந்தது என்று விசாரணை சொன்னது. பலகை போடுவது டோனியின் வேலை.

விசாரணைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அளவுக்கு மேல் பாரம் ஏறினால் கிரேனைத் தானே நிறுத்திவிடும் கருவி கேபினில் இருந்தது. கடுங்குளிரில் அது காரணமில்லாமல் அலறும், வேலை நின்றுபோகும். அதனால் டிசம்பர் பிறந்ததும் எல்லா ஓட்டுநர்களும் அதை அணைத்துவிடுவார்கள், வசந்தத்தில் மறுபடி போடுவார்கள். அந்த வருடம் டெல்மர் போடவில்லை. மறந்தார் என்றும் சொல்ல முடியாது. அன்று காலை அதைப் பார்த்தார், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். கேபின் நசுங்கியதில் அது எந்த நிலையில் இருந்தது என்பதற்குத் தடயம் இல்லாமல் போயிற்று. யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பனி லாரிகள் நிற்கும் கொட்டகையில் எவனாவது ஒரு வேலையை அரைகுறையாக முடித்தால், "என்னடா, டோனி பலகை போட்டிருக்க?" என்று ஒருவன் கேட்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். டோனியைப் பார்த்தே இராத புது ஆட்கள்கூடச் சொல்கிறார்கள். ஒருநாள் அந்தப் பேச்சு வந்தபோது டெல்மர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். சங்கடப்படுகிறார், நண்பன் இல்லையா, என்று பேசிக்கொண்டார்கள்.

எனவே வீட்டுக் கீழ்த்தளத்தில் அவர் கிரேனிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. அந்தக் கருவி வேலை செய்திருந்தாலும் கிரேன் விழுந்திருக்குமா? விழுந்திருக்கும் என்றால், தான் அதை அணைத்து வைத்திருந்ததால் ஒன்றும் மாறிவிடவில்லை. கயிறு ஓடும் வழியில் சுருள்வில் வைத்த சிறு நெம்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார். பாரம் மிஞ்சினால் அது அழுந்தி மோட்டாரை நிறுத்தும். ஒரு சிவப்பு ஊசியைச் செருகினால் நெம்பு செயல்படாது. ஊசி செருகி ஓட்டினால் பஞ்சு அமுங்கி, குச்சிகள் சரிந்து, கிரேன் முன்னால் விழும். ஊசியை எடுத்துவிட்டு ஓட்டினால் சுமை பாதி எழும்போதே மோட்டார் நின்றுவிடும். கிரேன் சாய்ந்தபடி நிற்கும். விழாது. பத்தாவது திருத்தத்தில் விழவில்லை. இருபத்தைந்தாவதில் விழவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் எங்கோ ஒரு பொம்மைத்தனம் மிச்சமிருப்பதைக் கண்டுபிடித்தார். விழாததுதான் பொம்மைத்தனம் என்று அவர் நினைத்தார்.

நவம்பரில் சங்கத்தார் டுலூத் நகரக் கண்காட்சிக்குப் போய்வந்தார்கள். கிரேனுக்கு மூன்றாம் பரிசு. மறுநாள் காலை, கயிற்றுச் சுருளில் எட்டுப் பல் சக்கரத்துக்குப் பதில் பன்னிரண்டு பல் போட்டார். நாற்பத்தோராவது திருத்தம். பஞ்சு இளகும்வரை காத்திருந்தார். ஊசியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினார். சுமை எழுந்தது, நெம்பு அசையவே இல்லை, கிரேன் முன்னால் கவிழ்ந்தது.

மறுபடி நிமிர்த்தி ஓட்டினார். மறுபடி கவிழ்ந்தது. நோட்டில் "போதும்" என்று எழுதினார். பகல் பதினொரு மணிக்கு மேல்சட்டைகூட மாற்றாமல் டோனியின் மனைவி கார்லா வேலை செய்யும் பள்ளிச் சமையலறைக்குப் போனார். மூன்று வருடமாகச் சொல்லாததை ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே நின்று சொன்னார். அலாரத்தை அணைத்து வைத்திருந்தேன். ஆனால் போட்டிருந்தாலும் விழுந்திருக்கும். செய்து பார்த்துவிட்டேன்.

கார்லா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அப்போ பலகைதான்," என்றாள். "அவன் போட்ட பலகை."

டெல்மர் தலையாட்டினார்.

"மூணு வருசமா அவனத் திட்டிட்டே இருக்கேன், டெல். பல்லு விளக்கும்போதுகூட. ஒருவேளை அவன்மேல தப்பு இல்லையோன்னு அப்பப்ப தோணும், உடனே அழுகை வரும். இனிமே நிம்மதியாத் திட்டலாம், இல்ல?" அவள் சிரிக்க முயன்றாள். பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு தடவை பார்த்தால் போதுமாம்.

வீடு திரும்பி, கண்காட்சிச் சாமான்களை இறக்க வண்டியின் பின்கதவைத் திறந்தபோது, போர்வைக்கு அடியில் தாது உருண்டைகளைக் கொட்டி வைத்த துணிப்பை கிடந்தது. முடிச்சுப் போட்டபடி. நானூற்றுப் பத்து கிராம்.

கிரேன் கவிழ்ந்ததற்குப் பன்னிரண்டு பல் சக்கரம் காரணமல்ல. அதன் பின்பாரத்தில் ஹார்லனின் எடைக்கட்டைகள்தான் இருந்தன, நெம்பு அழுந்துமளவு பாரம் ஏறுமுன்பே அது கவிழ்ந்துவிட்டது. இருபத்தாறு வருடம் எதிர்எடையைக் கையால் தட்டிப் பார்க்காமல் எந்தக் கிரேனையும் தொடாத மனிதர் அன்று தட்டிப் பார்க்கவில்லை. பதில் பிடித்திருந்தது, அதனால் சோதிக்கத் தோன்றவில்லை.

உருண்டைகளை நிரப்பி ஓட்டினார். மோட்டார் நின்றது. கிரேன் நின்றது. அடுத்த மூன்று வாரத்தில் பதினொரு பஞ்சு உறையவைத்து இளகவைத்தார், பதினொரு தடவையும் நின்றது. இரண்டே அடுக்குக் குச்சியின்மேல், சாய்ந்து, விழாமல். கருவியைப் போட்டிருந்தால் டோனியின் இரண்டு அடுக்குப் பலகையே போதுமானதாக இருந்திருக்கும். மர்லிஸ் மாடிப்படியில் நின்று, "கார்லா இன்னிக்கிக் கடைல உன்னப் பத்திக் கேட்டா. முகம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு," என்றாள். அவளிடம் என்ன சொன்னாய் என்று மர்லிஸ் கேட்கவில்லை. அவர் உருண்டைகளை மறுபடி துணிப்பையில் கொட்டி முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

கார்லா டிசம்பரின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நேராக வந்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திநாலு டிகிரி. குளிருக்காக இன்ஜினை அணைக்காமலே வண்டியை நிறுத்திவிட்டு வந்திருப்பதாகவும் ஐந்து நிமிடத்தில் போக வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே, கோட்டைக் கழற்றாமல், வால்நட் சுருள் ரொட்டி ஒன்றை மர்லிஸ் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். பூட்ஸிலிருந்து பனி படிகளில் உதிர்ந்தது.

மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. பஞ்சு இளகியிருந்தது. சிவப்பு ஊசி எடுக்கப்பட்டிருந்தது. பின்பெட்டியில் ஹார்லனின் எடைக்கட்டை இரண்டும் இருந்தன. துணிப்பை டெல்மரின் காலுக்குப் பின்னால் தரையில் இருந்தது. விரல் வைத்தால் போதும், கிரேன் கவிழும், அவள் பார்ப்பாள், போய்விடுவாள், இனி அழமாட்டாள்.

கார்லா குனிந்து பார்த்தாள். கிரேனைப் பார்க்கவில்லை, பட்டைக்கு அடியிலிருந்த குச்சிகளைப் பார்த்தாள். சுட்டுவிரலால் மேலடுக்கில் ஒன்றைத் தொட்டாள். அது நேராக இருக்கிறதா என்று பார்ப்பவள் போல.

"இதுதான் அவன் போட்டதா?"

"ஆமா."

"சுத்தமாத்தான் போட்டிருக்கான்," என்றாள். "வீட்ல வெறகு அடுக்கினாக்கூட இப்படித்தான். ஒண்ணு கோணலா இருந்தாப் பிரிச்சு மறுபடி அடுக்குவான்." பிறகு நிமிர்ந்தாள். "சரி, ஓட்டு. பாத்துட்டுக் கெளம்பறேன்."

டெல்மர் ரிமோட்டைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மேசைமேல் வைத்தார். அவளைக் கடந்து படியேறி, சமையலறை வழியாக, சட்டையோடு வெளியே போனார். தலைக்குமேல் இருந்த சிறிய ஜன்னல் வழியே அவர் பூட்ஸ்கள் முற்றத்துப் பனியில் நடந்துபோவது கார்லாவுக்குத் தெரிந்தது. அவளுடைய வண்டியின் கதவு திறந்தது. இன்ஜின் நின்றது. பூட்ஸ்கள் வீட்டுப் பக்கம் திரும்பின.